மதிமுகமா, முகமதியா?
கணினி படைக்கும் விண்மீன் மண்டலங்கள் பற்றி ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தில் ‘சிமுலேஷன்’ எனப்படுவதற்குத் தமிழில் பாவனை, போலச்செய்தல், உருவகப்படுத்துதல் எனச் சொற்கள் பல வழங்குகின்றன. அறிவியல் கட்டுரைகளில் அடிக்கடி எதிர்ப்படுவது உருவகப்படுத்துதல் என்பது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இச்சொல் சற்றே உறுத்தும். மதிமுகம் என்றால் உவமை. முகமதி என்றால் உருவகம். சொற்கள் இரண்டும் இடம் மாறிய அளவிலே ‘போன்ற’ என்பது மறைந்து ‘ஆகிய’ என்பது வந்து அமர்ந்துவிடுகிறது. மதி போன்ற முகம் என்னும்போது மதி வேறு, முகம் வேறு என்ற நினைவு இருக்கிறது. முகமாகிய மதி என்னும்போது அவ்வேற்றுமை ஒழிகிறது. கவிதைக்கு இஃது அழகு. அறிவியலுக்கும் அழகுதானா?

இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடுதற்கில்லை. தட்டு வடிவான விண்மீன் மண்டலங்களில் விண்மீன்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைக் கணினியில் செய்து காட்டும் படங்கள் இன்று எங்கும் பரவியுள்ளன. நீல நிறச் சுருள் கைகள், நடுவில் மஞ்சள் ஒளி, இடையிடையே செந்நிறப் பொட்டுகள். பார்க்கப் பார்க்கத் தெவிட்டாதவை. ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒளிவீழ்த்தியில் அப்படத்தைக் கண்ட மாணவன், தொலைநோக்கியால் எடுத்த புகைப்படம் அது என்றே எண்ணுவான். அப்படி எண்ணாதவாறு தடுக்க வேண்டிய தமிழ்க் கட்டுரைகளோ, “விண்மீன் மண்டலம் பிறந்த விதத்தைக் கணினி கண்டறிந்துவிட்டது” என்று எழுதிவிடுகின்றன. செய்தவர் ‘போல’ என்று சொன்னதை, சொல்பவர் ‘ஆகிய’ என்று மாற்றிவிட்டார்.

தொல்காப்பியர் உவமம் தோன்றும் வகையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என உரையாசிரியர் விளக்குவர். கணினியின் விண்மீன் மண்டலத்தை மதிப்பிடுவதற்கு இதனினும் கூரிய அளவுகோல் கிடைப்பது அரிது. வடிவும் நிறமும் ஒத்துவிட்டன என்பது ஒன்று. வினை ஒத்தது என்பது முற்றிலும் வேறு ஒன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதிலேதான் தவறு எல்லாம் பிறக்கிறது.

முதலில் வானத்தில் உள்ள சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில், கடைத்தெரு விளக்குகள் மறைந்தபின், முகில் இல்லாத இரவில் அண்ணாந்து பார்ப்பவருக்குப் பால்வீதி ஒரு வெண்பட்டையாகத் தெரியும். ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு அகலமுள்ள தட்டினை அதன் உள்ளிருந்தே பக்கவாட்டில் பார்ப்பதால் அது பட்டையாகத் தோன்றுகிறது. இத்தட்டில் குளிர்ந்த வாயு முகில்கள் மிதக்கின்றன. தம் ஈர்ப்பினால் அவை சுருங்கி விண்மீன்களாகின்றன. எவ்வளவு விரைவாக? இங்கேதான் சிக்கல். முகில்கள் தடையின்றிச் சுருங்குமாயின், ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஞாயிறுகளின் பொருண்மை விண்மீன்களாக மாறவேண்டும். உண்மையில் மாறுவதோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஞாயிறுகளின் அளவே. பென் சக்கர்மனும் நீல் எவன்ஸும் 1974-இல் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டினர். விண்மீன் ஏன் பிறக்கிறது என்பதைவிட, ஏன் இவ்வளவு மெதுவாகப் பிறக்கிறது என்பதே விளக்கம் வேண்டி நிற்கிறது. கணினிப் படங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

விண்மீன் மண்டலத்தைப் போலச்செய்யும் முயற்சி கணினிக்கு முன்னரே தொடங்கிவிட்டது. சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எரிக் ஹோம்பெர்க் 1941-இல் 74 மின்குமிழ்களை மேசைமீது பரப்பினார். குமிழ் 37 கொண்டது ஒரு மண்டலம். தொலைவு இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஈர்ப்பும் அவ்வாறே குறைகிறது. ஆதலின் ஒவ்வோரிடத்திலும் ஒளியை அளந்து, அதனை ஈர்ப்பாகக் கொண்டு, குமிழ்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி, இரு மண்டலங்கள் அருகருகே கடக்கும்போது நேர்வதை ஆராய்ந்தார். விண்மீன் பிறப்பு அவர் ஆராய்ச்சியில் இல்லை. ஆயினும் உவமையின் ஒழுக்கத்திற்கு அவர் செயல் நல்ல சான்று. எந்தப் பண்பில் ஒப்புமை, எதில் இல்லை என்பது அதில் வெளிப்படை. மின்குமிழை விண்மீன் என்று யாரும் மயங்கமாட்டார். கணினி வந்தபின் இந்த வெளிப்படைத்தன்மை போயிற்று. திரையில் தெரியும் புள்ளியும் விண்மீன் போலவே ஒளிர்வதால் மயக்கம் எளிதாயிற்று.

விண்மீன் பிறப்பையே கருப்பொருளாகக் கொண்டு 1978-இல் ஒரு கணிப்பு வெளிவந்தது. ஐ.பி.எம். நிறுவன ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த உம்பர்ட்டோ ஜெரோலாவும் ஃபிலிப் சைடனும் அதனைச் செய்தனர். அவர்கள் கொண்ட விதி மிக எளிது. ஓரிடத்தில் பெரிய விண்மீன்கள் தோன்றினால், அவை வெடித்து எழுப்பும் அதிர்ச்சி பக்கத்து வாயுவை அமுக்கும். அங்கும் விண்மீன் தோன்ற ஒரு வாய்ப்பு உண்டு. தோட்டப்புறத்தில் லாலான் புல்லில் பிடித்த தீயைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஒரு பத்தையிலிருந்து அடுத்த பத்தைக்குத் தாவும், சில இடத்தில் தாவாமல் அணைந்துபோகும், எரிந்த இடம் மறுபடி புல் முளைக்கும்வரை எரியாது. இத்தீ சுழலும் தட்டின்மீது பரவினால் என்ன ஆகும்? தட்டின் உட்பகுதி விரைவாகச் சுற்றி முடிக்கிறது; வெளிப்பகுதி பின்தங்குகிறது. ஆகவே பரவிய திட்டு இழுபட்டுச் சுருளாக நீள்கிறது. கணினி சுருள் கைகளை வரைந்துவிட்டது!

இங்கே நின்று நிதானிக்க வேண்டும். 1964-லேயே சி. சி. லின், ஃபிராங்க் ஷூ ஆகிய இருவரும் சுருள் கைகளுக்கு வேறொரு காரணம் கூறியிருந்தனர். தட்டின் ஊடே ஓர் அடர்த்தி அலை சுற்றி வருகிறது; வாயு அதனுள் புகும்போது அமுங்கி விண்மீன்களைப் பெறுகிறது என்பது அவர்கள் கொள்கை. ஒரு கொள்கையில் கை முந்தியது, விண்மீன் பிந்தியது. மற்றதில் விண்மீன் முந்தியது, கை பிந்தியது. இரண்டும் சுருளைத் தருகின்றன. மெய்யால் ஒத்தல் வினையால் ஒத்தலுக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? ஒரே செய்யுளுக்கு உரையாசிரியர் இருவர் முரணான பொருள் கூறி, இருவருமே சீர் பிரிப்பதில் தவறாதிருந்தால், சீர் பிரிப்பைக் காட்டி எவர் பொருள் சரி என்று முடிவு கட்ட முடியாதல்லவா?

இக்காலக் கணிப்புகள் ஜெரோலா–சைடன் கணிப்பைவிடப் பன்மடங்கு விரிந்தவை. ஆயினும் ஒரு குறை மாறவில்லை. அது திறமைக் குறைவால் வந்ததன்று, அளவினால் வந்தது. ஒரு முழு மண்டலத்தைக் கணிக்கும் கணினிக்குத் தனி விண்மீன் கண்ணுக்கே எட்டாது. 2011-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற ‘எரிஸ்’ என்னும் கணிப்பில் ஒரு வாயுத் துகள் என்பது 20,000 ஞாயிறுகளின் பொருண்மை; ஒரு விண்மீன் துகள் என்பது ஏறத்தாழ 6,000 ஞாயிறுகளின் பொருண்மை. திரையில் ஒரு விண்மீனாக மின்னுவது உண்மையில் ஓர் ஊர்த்திரள். ஆகவே முகில் சுருங்கி ஞாயிறு ஆகும் செயலைக் கணினி கணிப்பதில்லை. அதற்கு ஒரு விதி கையால் கொடுக்கப்படுகிறது. 1990-களில் நீல் கேட்ஸ் முதலானோர் வகுத்த முறை இது: வாயு இன்ன அடர்த்தியைத் தாண்டினால், இன்ன காலத்தில் அதில் இன்ன பங்கு விண்மீனாகட்டும். அவ்வளவுதான். சமையற் குறிப்பில் ‘உப்பு தேவையான அளவு’ என்பது போல.

அந்தப் பங்கு எங்கிருந்து வருகிறது? வானத்தைப் பார்த்தே வருகிறது. மார்ட்டன் ஷ்மிட் 1959-இல் வாயுவின் அடர்த்திக்கும் விண்மீன் பிறக்கும் வேகத்திற்கும் ஒரு தொடர்பை முன்வைத்தார். ராபர்ட் கெனிகட் 1998-இல் பல மண்டலங்களை அளந்து, அடர்த்தியின் 1.4 மடியாக அவ்வேகம் ஏறுவதைக் காட்டினார். இத்தொடர்பை உள்ளே வைத்துக் கணித்துவிட்டு, முடிவில் அதே தொடர்பு வெளிப்பட்டதைக் கண்டு மகிழ்வது வினாத்தாளோடு விடைத்தாளையும் கொடுத்துத் தேர்வு வைப்பதற்கு ஒப்பாகும். பல கட்டுரைகளின் முகப்பில் தலைசிறந்த வெற்றியாகக் காட்டப்படும் வரைபடம் இதுவே. அதனைத் தமிழில் எடுத்து எழுதுவோர் இந்த ஓர் உண்மையை மட்டும் விட்டுவிடுகின்றனர்.

‘எரிஸ்’ கணிப்பையே மேலும் பார்க்கலாம். பால்வீதி போன்ற ஒரு தட்டு மண்டலத்தை இயல்பாகத் தந்த முதல் கணிப்பு என அது கொண்டாடப்பட்டது. அதற்குச் செலவானது 14 இலட்சம் செயலி-மணி. அதற்கு முந்தைய கணிப்புகளில் தட்டு சிறுத்து நடுவயிறு பெருத்துவிடுவது தீராத நோயாக இருந்தது. அந்நோய் எப்படித் தீர்ந்தது? விண்மீன் பிறப்பதற்கான எல்லை அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 5 அணுக்கள் என உயர்த்தியது முக்கியமான காரணம். அதே குழுவினர் அந்த எல்லையை 0.1 எனத் தாழ்த்தி இன்னொரு கணிப்பும் செய்து பார்த்தனர், நடுப்பகுதி பெருத்துவிட்டது. எல்லை உயர்ந்தபோது விண்மீன்கள் அடர்ந்த திட்டுகளில் மட்டும் பிறந்தன. அவற்றின் வெடிப்பும் ஒருமுகப்பட்டு வாயுவை வலுவாக வெளியேற்றின. காரணம் பொருத்தமானதே. அந்தக் குழுவினர் இரு கணிப்புகளையும் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஆனால் ஓர் எண்ணை மாற்றினால் ஒரு மண்டலத்தின் உருவமே மாறும் என்பதை அப்படத்தைப் பார்க்கும் மாணவனுக்கு யார் சொல்வது?

இன்னும் கடுமையான சோதனை அடுத்த ஆண்டே வந்தது. 2012-இல் வெளியான ‘அக்குவிலா’ ஒப்பீட்டில் ஒரே தொடக்க நிலை பல குழுவினருக்குக் கொடுக்கப்பட்டது. அவரவர் நிரலால், அவரவர் விதிகளால் கணித்தனர். 13 கணிப்புகள் வந்தன. ஒரே விதையிலிருந்து பதின்மூன்று வேறுபட்ட மரங்கள்! விண்மீன்களின் மொத்தப் பொருண்மை, தட்டின் அகலம், எஞ்சிய வாயு, தோற்றம் யாவும் பெரிதும் வேறுபட்டன. பெரும்பாலானவற்றில் விண்மீன்கள் அளவுக்கு மிஞ்சிப் பிறந்துவிட்டன. வேறுபாட்டிற்கு முதற்காரணம், பிறந்த விண்மீன் தன்னைப் பெற்ற வாயுவை எவ்வாறு சூடாக்கிச் சிதறடிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்ததே. இத்துறையில் மிகச் சிறந்த திறனாய்வு அத்துறையினரே செய்துகொண்ட இந்த ஒப்பீடு எனலாம். பின்னர் ‘அகோரா’ என்னும் கூட்டுமுயற்சியில், 2016-இல், ஒன்பது நிரல்களுக்கும் பொதுவான விதிகளைக் கொடுத்து ஒரு தனித் தட்டினைக் கணிக்கச் செய்தபோது முடிவுகள் பெரும்பாலும் ஒத்துவந்தன. கணினிகள் கூட்டலில் பிழை செய்யவில்லை. விதிகளில்தான் கருத்து வேறுபாடு.

இவ்வளவும் கூறியதால் கணிப்புகள் வெறும் பொம்மலாட்டம் என்று முடிவுகட்டினால் அதுவும் நேர்மையாகாது. வினையால் ஒத்தல் என்னும் பேற்றை அவை சில இடங்களில் பெற்றிருக்கின்றன. ஃபிலிப் ஹாப்கின்ஸ், எலியட் குவாட்டர்ட், நார்மன் மர்ரே ஆகியோர் 2011-இல் ஒரு வேலை செய்தனர். மேற்சொன்ன ‘இன்ன பங்கு விண்மீனாகட்டும்’ என்ற விதியை வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுத்தனர். பெரிய விண்மீன்களின் ஒளியும் காற்றும் வெடிப்பும் வாயுவைத் தள்ளும் விசையைக் கணக்கிட்டுச் சேர்த்திருந்தமையால், மண்டலம் முழுவதிலும் விண்மீன் பிறக்கும் வேகம் ஏறத்தாழ மாறவில்லை. மிகுதியாகப் பிறந்தால் மிகுதியாகச் சிதறுகிறது. குறைவாகப் பிறந்தால் வாயு மீண்டும் குவிகிறது. கையால் கொடுத்த எண் முடிவை ஆளவில்லை. சக்கர்மனும் எவன்ஸும் காட்டிய முரண்பாட்டிற்கு இது வடிவ ஒப்புமை அன்று, வினை ஒப்புமை. 2020-இல் ராகுல் கண்ணன் முதலானோர், பால்வீதி போன்ற தட்டில் விண்மீன் ஒளி பரவுவதையும், வாயுவின் வேதிமாற்றத்தையும், தூசியையும் ஒருங்கே கணித்தனர். முன்பு கையால் கொடுத்தவற்றுள் சில இப்போது கணக்கிட்டே பெறப்படுகின்றன. முன்னேற்றம் என்பதன் பொருள் இதுவே. படம் மேலும் பளபளப்பாவது அன்று.

கணினி தேர்வராக இருந்து பழைய கொள்கையைத் திருத்திய நிகழ்ச்சியும் உண்டு. அதில் தமிழர் ஒருவர் பெயரும் கலந்திருப்பதால் அதனைச் சற்று விரித்துரைக்கலாம். 1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரைத் தமிழுலகம் வெண்குறுமீன்களின் எல்லைப் பொருண்மைக்காக மட்டுமே நினைக்கிறது. தட்டு மண்டலங்களின் ஆராய்ச்சியில் அவர் கை பதிந்திருப்பதைச் சொல்வார் அரியர். சுருள் கைகளில் உள்ள வாயுவைக் காந்தப்புலம் ஓரளவு தாங்கி, சுருங்க விடாமல் தடுக்கிறது. ஆகவே அப்புலத்தின் வலிமை தெரியாமல் விண்மீன் பிறப்பின் வேகத்தைப் பேசுவது அரைகுறை. சந்திரசேகரும் என்ரிக்கோ ஃபெர்மியும் 1953-இல் அதனை அளக்க ஒரு வழி கண்டனர். துணி உலர்த்தும் கொடியை எண்ணிப் பார்க்கவேண்டும். இறுகக் கட்டிய கொடி காற்றில் சிறிதே ஆடும். தளர்ந்த கொடி வளைந்து நெளியும். விண்மீன் ஒளி தூசியினூடே வரும்போது காந்தக் கோடுகளின் திசையை அதன் அதிர்வுத் திசையில் பதித்துக்கொண்டு வருகிறது. அத்திசைகள் எவ்வளவு சிதறியுள்ளன என்று பார்த்தால், கோடுகள் எவ்வளவு இறுகியவை, அதாவது புலம் எவ்வளவு வலியது என்பது தெரிந்துவிடும். அவ்வழியில் அவர்கள் பெற்றது ஒரு காஸ் அளவின் பத்து இலட்சத்தில் ஆறேழு பங்கு.

இவ்வழி சரிதானா என்று வானத்தில் சோதிப்பது கடினம். உண்மை அளவு முன்னரே தெரிந்தாலன்றோ ஒப்பிடலாம்? கணினியில் ஆக்கிய முகிலில் உண்மை அளவு தெரியும், ஆக்கியவரே கொடுத்ததுதானே. 2001-இல் ஈவ் ஆஸ்ட்ரைக்கர், ஜேம்ஸ் ஸ்டோன், சார்ல்ஸ் காமி ஆகியோர் கணினி முகில்களைச் சமைத்து, வெளியிலிருந்து பார்ப்பவர்போல் திசைச் சிதறலை அளந்து, சந்திரசேகர்–ஃபெர்மி சமன்பாட்டில் இட்டுப் பார்த்தனர். கோடுகள் மிகவும் கலைந்துபோகாத நிலையில், சமன்பாடு தரும் விடையைப் பாதியாக்கினால் உண்மையோடு பொருந்துகிறது என்று கண்டனர். எதில் ஒப்புமை, எதற்காக ஒப்புமை என்பது தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டிருப்பதால், இங்கே உவமை தன் வேலையைச் செம்மையாகச் செய்தது. கண்ணைப் பறிக்கும் வண்ணப்படம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. இதனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதைக் காண்பது அரிதாக இருப்பதும் அதனால்தான் போலும்.

இறுதியில், பயனால் ஒத்தல் பற்றி. கணிப்புகளைச் செய்வோர் தம் விதிகளில் உள்ள எண்களை எதனோடு பொருந்துமாறு திருகினர் என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 2015-இல் வெளிவந்த ‘ஈகிள்’ கணிப்பினர் இதனை ஒளிக்காமல் சொன்னார்கள்: இன்றைய மண்டலங்களின் விண்மீன் பொருண்மையும் அளவும் பொருந்தும்படி எண்களை அமைத்தோம் என்றனர். ஆகவே அவை பொருந்துவதில் வியப்பில்லை. திருகாத ஒன்று பொருந்துகிறதா என்பதே கேட்கத்தக்கது. அவ்வாறு கேட்பதற்கு உரிய அளவீடு ஒன்று இந்தியாவிலிருந்தே வந்துள்ளது. புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. ஆதித்ய சௌத்ரி, நிசிம் கனேக்கர், ஜெயராம் செங்களூர் முதலானோர் அதனைக் கொண்டு, 800 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்டலங்களில் அணு நிலை ஹைட்ரஜன் எவ்வளவு இருந்தது என்பதை அளந்து 2020-இல் வெளியிட்டனர். தனித்தனியே கேட்காத மெல்லிய ஒலிகளாதலின், 7,653 மண்டலங்களின் குறிப்பலைகளை ஒன்றாகக் கூட்டிச் சராசரி கண்டனர். இருந்த வாயு நூறு முதல் இருநூறு கோடி ஆண்டுகளுக்கே போதும் என்பது விடை. வெளியிலிருந்து புதிய வாயு வந்து சேராவிட்டால் விண்மீன் பிறப்பு தளர்ந்துவிடும். அக்காலத்திற்குப் பிறகு விண்மீன் பிறப்பு அகிலமெங்கும் குறைந்து வந்ததற்கு இதுவே காரணமாகலாம் என்று அவர்கள் கருதுகின்றனர். படத்தின் நிறத்தைப் பார்த்து மயங்குபவருக்கு இந்த வரவு செலவுக் கணக்கு சுவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் கணினி மண்டலம் தன் உணவை எவ்வளவு விரைவில் உண்டு முடிக்கிறது என்பது அதன் சுருள் கைகளின் அழகைவிடப் பெரிய செய்தி.

பள்ளியில் காட்டப்படும் ஒரு படத்தின் கீழே ஒரு வரி எழுத இடமிருக்கிறது. ‘கணினி வரைந்தது, ஒரு துகள் இத்தனை ஞாயிறுகளுக்குச் சமம், விண்மீன் பிறக்கும் விதி கையால் கொடுத்தது’ என்று எழுதினால் படத்தின் அழகு குன்றாது. சொல்லைப் பொறுத்தவரை, உருவகப்படுத்துதல் என்பது வேரூன்றிவிட்டது. அதனைப் பிடுங்குவது இனி எளிதன்று. போலச்செய்தல் என்பது நீளமாயினும் பொய் சொல்லாத சொல். கலைச்சொல் அகராதி தொகுப்போர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே பொருந்தும் என்று குறித்தால் எழுதுவோருக்கு உதவியாக இருக்கும்.

தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டப்பட்டு வரும் சதுர கிலோமீட்டர் தொலைநோக்கி அணியில் சேர்வதற்கு இந்திய அரசு 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அது முழுமையாக இயங்கும்போது, தொலைவிலுள்ள மண்டலங்களின் வாயுவைக் கூட்டிச் சராசரி காணாமல், ஒவ்வொன்றாக அளக்கும் வாய்ப்பு விரியும். அந்த அளவீடுகள் வருமுன்னரே கணினிக் கணிப்புகள் தத்தம் விடைகளை அச்சிட்டு வைத்துள்ளன.